அர்ஜென்தோனா கெண்டித் திருவிழா: எதையும் வாங்காதவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஜூலை 21 – வாசகர் ஒருவரின் கேள்வி

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பார்சிலோனாவில் இருப்பேன். அருகில் அர்ஜென்தோனா என்னும் ஊரில் மட்பாண்டத் திருவிழா நடக்கும் என்று தங்கும் விடுதியில் சொன்னார்கள். பாண்டம் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. வாங்கினாலும் உடையாமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. இத்தகைய விழாக்கள் எல்லாமே பெயர் மாற்றிக்கொண்ட சந்தைகள் என்றே நினைக்கிறேன். எதையும் வாங்காதவர் அரை நாள் செலவிடும் அளவுக்கு அங்கே ஏதேனும் உண்டா?

ஜூலை 22

உண்டு. நான் துலூஸில் வசிக்கிறேன். காரில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலான தூரம் என்பதால் அர்ஜென்தோனாவுக்கு இதுவரை இருமுறை போயிருக்கிறேன். இந்த ஆண்டும் போகிறேன். சந்தை இருப்பது உண்மைதான். ஸ்பெயினின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குயவர்களும் மட்கலைஞர்களும் வந்து கடை விரிக்கும் அந்தச் சந்தைக்கு அர்ஜிலா என்று பெயர். ஆனால் அந்த ஊர் கொண்டாடுவது மட்பாண்டங்கள் அனைத்தையும் அன்று, ஒரேயொரு பாண்டத்தைத்தான். காந்திர் என்று அந்தப் பகுதியின் கத்தலான் மொழியிலும் போத்திஹோ என்று ஸ்பானிய மொழியிலும் வழங்கும் தண்ணீர்க் கலம் அது. வயிறு பருத்து, மேலே பிடி வைத்து, நிரப்புவதற்கு அகன்ற வாயும் குடிப்பதற்கு மெல்லிய மூக்கும் கொண்டது. ஒரு முழு ஊர் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்காக ஆண்டுதோறும் கூடுவதைப் பார்ப்பதற்கு நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை.

ஜூலை 22, மாலை

போகும் வழியைச் சொல்ல மறந்துவிட்டேன். பார்சிலோனாவிலிருந்து கடலோரமாகவே ஓடும் புறநகர் ரயிலில் மத்தாரோ வரை சென்று, அங்கிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சில கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். ரயிலில் கடல் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். 1848இல் ஐபீரிய தீபகற்பத்திலேயே முதலாவதாகப் போடப்பட்ட ரயில் பாதை இதுதான்.

ஜூலை 24

அந்தக் கலத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கூஜா என்கிறார். கூஜாவுக்கு மூக்கு கிடையாது. மற்றவர் சொல்லும் குடுவை மிகப் பொதுவான சொல். மூக்குடைய நீர்க்கலத்துக்கு நம்மிடம் கெண்டி என்ற நல்ல சொல் இருக்கிறது. மலையாளத்தில் அது கிண்டி ஆகிறது, மலாய் மொழியிலும் கெண்டி என்ற பெயரில் இத்தகைய கலம் உண்டு. நம் கெண்டிக்கு மேற்பிடி பெரும்பாலும் இருப்பதில்லை, காந்திருக்கு அது இன்றியமையாதது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இழையில் கெண்டி என்றே எழுதப்போகிறேன். காந்திர் என்ற சொல் லத்தீன் காந்தாருஸ் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அது இரு கைப்பிடி கொண்ட மதுக்கிண்ணத்தின் பெயர்; வழியில் எங்கோ அந்தப் பெயர் மதுவை விட்டுத் தண்ணீருக்கு வந்துவிட்டது.

குடிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். மூக்குக்குக் கத்தலான் மொழியில் கலெட் என்று பெயர். கலத்தைத் தலைக்கு மேல் தூக்கி, உதட்டில் படாமல், நீர்க்கம்பி நேரே வாய்க்குள் விழும்படி குடிக்க வேண்டும். வயலில் பத்துப் பேர் ஒரே கலத்தில் குடிக்க வேண்டியிருந்த காலத்தின் வழக்கம் இது. நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முதல்முறை போனபோது, ஒரு கடையில் நான் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்ததைப் பார்த்த முதியவர் ஒருவர், எந்தக் கத்தலான் ஊரில் வளர்ந்தீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் செம்பில் வாய் வைத்துக் குடித்தால் பாட்டி விடமாட்டார் என்று என் அரைகுறை ஸ்பானிய மொழியில் விளக்கினேன். அவர் தம் பாட்டியும் அப்படித்தான் என்றார்.

ஜூலை 27

கறுப்புக் கெண்டிகளைப் பற்றிக் கேட்டவருக்கு நேற்று இங்கே எழுதிய பதிலில், அவை கறுப்பு நிறம் பூசப்பட்டவை என்று சொல்லியிருந்தேன். அது தவறு, அதை நீக்கிவிட்டேன். லெய்தா மாநிலத்து வெர்து, ஜிரோனாவுக்கு அருகிலுள்ள குவார்ட் ஆகிய ஊர்களின் கறுப்புக் கலங்களில் பூச்சே கிடையாது. சூடு உச்சத்துக்கு வந்ததும் சூளையின் வாய்களை அடைத்துக் காற்றைத் தடுத்துவிடுகிறார்கள். உயிர்வளி கிடைக்காத தீ, மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. புகையின் கரியும் மண்ணின் துளைகளில் இறங்குகிறது. அதனால்தான் உடைத்துப் பார்த்தால் உள்ளும் கறுப்பாகவே இருக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு சிவப்பு மட்கலங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: காற்று பட்ட பகுதி சிவந்தும் படாத பகுதி கறுத்தும் வெந்தவை அவை. இவ்வளவு தெரிந்திருந்தும் பூச்சு என்று எழுதிவிட்டேன். கேட்டவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 4, இரவு

இன்று முழுவதும் அர்ஜென்தோனாவில் இருந்தேன். கால் வலிக்கிறது; ஆனாலும் மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். முதலில், ஜூலை 22 அன்று எழுதியதைத் திருத்துகிறேன். இந்த ஊர் ஒரு பாண்டத்தைக் கொண்டாடுகிறது என்று சொன்னேன். இருமுறை போயும் சந்தை நாளில் மட்டுமே போனதால் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆகஸ்ட் 4 ஊரின் காவலரான புனித தொமேனெக்கின் (தோமினிக்) நாள், தண்ணீரை மந்திரிக்கும் நாள். 17ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, தங்கள் ஊற்றுகளின் நீர் கெடாமல் காக்க வேண்டும் என்று ஊரார் அவரிடம் நேர்ந்துகொண்டார்கள் என்று சொல்கிறார்கள். நேர்த்திக்கடன் தண்ணீருக்காக, கெண்டி அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோக வந்த ஏனம். இந்த வரிசையை நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.

அர்ஜென்தோனா ஊற்றுகளின் ஊர். பூரியாக் கோட்டை நிற்கும் குன்றின் அடியிலும் சுற்றிலும் ஊற்றுகள் இருக்கின்றன. பிக்கான் ஊற்று என்ற ஒன்றில் இயற்கையாகவே வாயு கலந்த, நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும் நீர் வருவதால், ஒரு காலத்தில் பார்சிலோனாவின் வசதி படைத்தவர்கள் கோடையைக் கழிக்க இங்கே வந்தார்கள். கட்டடக் கலைஞர் ஜோசெப் புய்க் இ காதஃபால்க் தமக்கென்று கோடை வீடு அமைத்துக்கொண்டதும் இந்த ஊரில்தான். தண்ணீரால் பெயர் பெற்ற ஊர் தண்ணீரைச் சுமக்கும் கலத்தைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது இயல்புதான்.

காலையில் நான் கண்டதை அலங்காரமின்றிச் சொல்கிறேன். ஊற்றைச் சுற்றி மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிரியார் நீரை மந்திரித்தார். பின்னர் ஆளாளுக்குக் கெண்டியை நீட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு மூதாட்டியின் கெண்டியின் மூக்கு நுனி உடைந்திருந்தது. அதைத் துணிப்பையிலிருந்து எடுத்த விதத்திலேயே பல ஆண்டுகள் வீட்டிலிருந்த கலம் என்று தெரிந்தது. அவருக்கு அருகில் நின்ற சிறுமியின் கையில் புதுக்கெண்டி, விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. என்னிடம் கெண்டி இல்லை. பிளாஸ்டிக் போத்தல்தான் இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூதாட்டி அதைக் கவனித்தாரோ என்னவோ, தம் கெண்டியை நீட்டி ஒரு வாய் குடிக்கச் சொன்னார். அந்த உடைந்த மூக்கிலிருந்து நீர் கம்பியாக விழாமல் சிதறிச் சட்டையை நனைத்தது.

கேள்வி கேட்டவர் கவனிக்க: இதற்கு எந்தக் கட்டணமும் இல்லை, எதையும் வாங்கவும் இல்லை.

ஆகஸ்ட் 5

நேற்று விட்டுப்போனது ஒன்று. இந்த விழா இன்றைய வடிவத்தில் 1951இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு கெண்டி மாதிரியைத் தேர்ந்து, அந்த ஆண்டின் கெண்டியாக வெளியிடுகிறார்கள். வட்டாரம் ஒன்றின் பழைய வடிவம் ஓர் ஆண்டு, வேறு நாட்டு வடிவம் இன்னோர் ஆண்டு என்று மாறிமாறி வரும். உள்ளூர் வீடுகள் பலவற்றில் சுவர் நீளத்துக்கு அலமாரி அமைத்து, ஆண்டு வரிசையில் இவற்றை அடுக்கியிருக்கிறார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் தம் தகப்பனார் தொடங்கிவைத்த வரிசையைக் காட்டினார். இரண்டு இடங்கள் வெறுமையாக இருந்தன. அவை உடைந்தவை, வேறொன்றை வைத்து அந்த இடத்தை நிரப்ப மனமில்லை என்றார்.

குழாய்த் தண்ணீரும் குளிர்பதனப் பெட்டியும் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்திலேயே இதைத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு பொருள் அழிந்தபின் அதற்கு அருங்காட்சியகம் கட்டுவது எல்லா ஊரிலும் நடப்பது. இங்கே முதலில் விழா வந்தது, ஆண்டுக்கு ஒன்றாகக் கெண்டி வந்தது. அருங்காட்சியகம் அதன்பின் 1975இல்தான் வந்தது.

அந்த அருங்காட்சியகத்துக்கு இன்று போனேன். சாந்த் ஜூலியா தேவாலயத்தை ஒட்டிய சதுக்கத்திலேயே இருக்கிறது. கெண்டி என்ற ஒரே வகைக்காக ஆயிரக்கணக்கான கலங்களைச் சேர்த்திருக்கிறார்கள். பிக்காசோவின் கெண்டிகளும் இருக்கின்றன. எல்லாரும் அவற்றின் முன்புதான் கூடி நிற்கிறார்கள். எனக்கு அவற்றைவிட மற்றக் கெண்டிகளே பிடித்திருந்தன. வண்டியின் பக்கத்தில் தொங்கவிடுவதற்காகத் தட்டையாக வனைந்தது, படகு ஆடினாலும் சாயாதிருக்க அடி அகன்றது, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குத் தருவதற்காக உடலெங்கும் மண்பூக்கள் ஒட்டியது, ஊற்றும் வழி எதுவென்று தெரியாமல் குடிப்பவர் நனையும்படி பல மூக்குகள் வைத்த விளையாட்டுக் கெண்டி என்று, மூன்றே உறுப்புகளை வைத்துக்கொண்டு குயவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம். மழை பெய்தால்கூட அரை நாள் போதாது.

ஆகஸ்ட் 6

இன்று சந்தை. சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் சந்தையைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தெருக்கள் முழுவதும் கடைகள். கிண்ணம், தட்டு, சிற்பம், நகை எல்லாம் உண்டு. வெயில் ஏறுமுன் போக வேண்டும். திரிகையில் வனைந்து காட்டும் இடங்களில் மட்டும் நான் நெடுநேரம் நின்றேன். கெண்டியின் உடலை வனைவதில் ஒரு கணம் இருக்கிறது: சுவர் மேலே எழும்பி உள்நோக்கிக் குவிந்து, கடைசியில் வாய் முழுவதுமாக மூடி, உள்ளே காற்று அடைபட்ட ஓர் உருண்டை ஆகிவிடுகிறது. அந்த அடைபட்ட காற்றுதான் ஈர மண் அமிழாமல் தாங்குகிறது. மண் சற்று இறுகியபின் துளையிட்டு, தனியே செய்த வாயையும் மூக்கையும் பிடியையும் ஒட்டுகிறார்கள். வாய் மூடிய நொடியில் சுற்றி நின்ற குழந்தைகள் யாரும் சொல்லாமலே கை தட்டினார்கள்.

அலிகாந்தே மாநிலத்து அகோஸ்ட் ஊர்வகை வெள்ளைக் கெண்டி ஒன்று வாங்கினேன். பூச்சில்லாதது. அங்கே மண்ணில் உப்பைக் கலந்து பிசைகிறார்கள். அது வெந்தபின் கலம் வெளுப்பாகவும் நுண்துளை மிகுந்தும் அமைகிறது.

ஆகஸ்ட் 9

புனித தொமேனெக்கின் நாள் ஆகஸ்ட் 8தானே, 4 என்று எழுதியது தவறல்லவா என்று கிறித்தவ வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இருவரும் சரியே. நெடுங்காலம் அவருடைய திருநாள் ஆகஸ்ட் 4ஆகவே இருந்தது. 1969இல் ரோமத் திருச்சபை நாள்காட்டியைத் திருத்தியபோது அது 8க்கு நகர்ந்தது. அர்ஜென்தோனா பழைய நாளை விடவில்லை. விழாவுக்குப் போக விரும்புவோர் திருச்சபை நாள்காட்டியை நம்பி 8ஆம் தேதி போய் நின்றால் ஏமாந்துபோவார்கள். கேட்டதற்கு நன்றி.

ஆகஸ்ட் 14

துலூஸ் வந்து சேர்ந்தேன். முதல் பயணத்தில் வாங்கிய பச்சைக் கெண்டி தண்ணீரைக் குளிர்விப்பதே இல்லை என்று பழைய இழை ஒன்றில் குறைபட்டிருந்தேன்; இதெல்லாம் கதை என்றுகூட எழுதியிருந்தேன். இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டேன். அறையில் 33 டிகிரி. இரண்டிலும் 28 டிகிரி நீரை நிரப்பி, காற்றோட்டமான நிழலில் வைத்தேன். ஐந்து மணி நேரம் கழித்து வெள்ளைக் கெண்டியின் நீர் 23 டிகிரி. பச்சைக் கெண்டியின் நீர் குளிராதது மட்டுமன்றி 31 டிகிரிக்கு ஏறியிருந்தது.

காரணம் எளியது. பச்சைக் கெண்டியின் மேல் கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு இருக்கிறது; நீர் வெளியே கசியாது. ஸ்பெயினில் அதைக் குளிர்காலத்துக் கெண்டி என்பார்கள். வெள்ளைக் கெண்டி வியர்க்கிறது. கசிந்த நீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மூன்று லிட்டர் நீரை 10 டிகிரி குறைக்க ஏறத்தாழ 1,26,000 ஜூல் போதும். வெளியிலிருந்து வரும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 50 கிராமுக்குச் சற்று மேல் ஆவியானாலே அது நடந்துவிடும். 1995இல் மாத்ரித்தின் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் பிந்தோ, சுபிசரெத்தா ஆகிய இருவரும் இந்தக் கலத்துக்கென்றே சமன்பாடுகள் எழுதி வெளியிட்டார்கள். நான் குறை சொன்ன கலம் தன் வேலையைச் சரியாகவே செய்துவந்திருக்கிறது; எனக்குத்தான் அதன் வேலை என்னவென்று தெரிந்திருக்கவில்லை. பழைய இழையில் திருத்தம் சேர்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

நேற்றைய எண்களைப் பார்த்துவிட்டுச் சென்னை வாசகர் ஒருவர், தம் வீட்டு மண்பானையில் இவ்வளவு வித்தியாசம் வருவதில்லை என்கிறார். வராது. நேற்றைய துலூஸ் காற்று உலர்ந்தது. இதே வெள்ளைக் கெண்டியை அர்ஜென்தோனாவில் தங்கியிருந்த அறையிலும் ஒருநாள் நிரப்பி வைத்தேன். கடல் அருகில் இருப்பதால் ஈரக்காற்று, நீர் 29இலிருந்து 26 டிகிரிக்கு மட்டுமே இறங்கியது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். சென்னைப் பானையைவிட மதுரைப் பானை நன்றாகக் குளிர்விக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதுவே காரணம். இதை எழுதாமல் விட்டால், ஈரப்பதம் மிக்க கடற்கரையில் கெண்டி வாங்குகிறவர் என்னைப் போலவே கலத்தைக் குறை சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஆகஸ்ட் 17

புதுக்கெண்டியில் மண்வாசனை தாங்கவில்லை என்றவருக்கு: மண்வாசனைக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, ஆனால் வேண்டாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நிறைய நீர் ஊற்றி, அதில் சோம்பு மணமுள்ள அனீஸ் மதுவைச் சிறிது விட்டு, ஒரு நாள் வைத்துக் கொட்டிவிடுவது ஸ்பெயின் வழக்கம். மது வேண்டாம் என்றால் வெறும் நீரை மூன்று நான்கு நாள் மாற்றி மாற்றி ஊற்றினாலும் போதும். சோப்பு மட்டும் கூடாது. துளைக்குள் போனால் திரும்பி வராது.

செப்டம்பர் 3

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 4 அன்று காலை அவரும் அங்கே இருந்தாராம்; ஒருவரையொருவர் அறியாமல் அதே கூட்டத்தில் நின்றிருக்கிறோம். எதையும் வாங்கவில்லை என்றும், அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை என்றும் சொல்கிறார். ஆனாலும் விழா என்பது முடிவில் சந்தைதான் என்ற தம் கருத்தை அவர் முழுவதுமாக விடவில்லை: குயவர்கள் விற்றாக வேண்டும், விற்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள், வராவிட்டால் மந்திரித்த தண்ணீரை மக்கள் பிளாஸ்டிக் போத்தலில்தான் பிடிப்பார்கள் என்கிறார். இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 6 அன்று சந்தையைச் சில வரிகளில் கடந்துபோனது சரியில்லை என்று இப்போது படுகிறது. அன்று என்னிடம் கெண்டி விற்றவர் மூக்கை எப்படித் துடைக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் பத்து நிமிடம் சொல்லிவிட்டுத்தான் காசை வாங்கினார். அவர் சொன்னதை வைத்துத்தான் மேலே பாதிக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன்.

வேறு விழா கேட்டவர்களுக்கு: வண்ணம் தீட்டிய பீங்கானில் ஆர்வமுள்ளவர்கள் தலவேரா தெ லா ரெய்னாவுக்குப் போகலாம். அந்த ஊரின் மட்கலையை 2019இல் மெக்சிகோவின் தலவேராக் கலையோடு சேர்த்து யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றது. ஜூலையில் போகிறவர்களுக்கு வலென்சியாவுக்கு அருகில் மனீசெஸ் இருக்கிறது. குயவர்களின் காவலர்களான ஹூஸ்தா, ரூஃபினா என்ற சகோதரிகளின் நாளையொட்டி அங்கே ஊர்வலம் நடக்கும். வண்டிகளிலிருந்து மட்பாண்டங்களைக் கூட்டத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள்.

செப்டம்பர் 29

வெள்ளைக் கெண்டியின் மேல் உப்புப் பூத்ததுபோல் வெண்படலம் படர்ந்துவிட்டது. முன்போல் குளிர்விக்கவும் இல்லை. கெட்டுவிட்டதோ என்று பயந்து, விற்றவர் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன். துலூஸ் குழாய்நீரிலுள்ள சுண்ணாம்பு துளைகளை அடைக்கிறது, வினிகர் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள் என்றார். கழுவி, நன்கு அலசி, இன்று காலை மீண்டும் நிரப்பினேன். பத்து மணிக்குள் அடியில் வைத்த தட்டு நனைந்திருந்தது.